டயலில் யார் பெயர்?



போன மாதம் நான் கோத்து முடித்த கைக்கடிகாரத்தின் படத்தை இங்கே போட்டிருந்தேன். வந்த கேள்விகள் மூன்று வகை. "சார், இது ஒரிஜினலா?" என்பது ஒன்று. "எவ்வளவு ஆச்சு? எனக்கும் ஒண்ணு செஞ்சு தருவீங்களா?" என்பது இரண்டு. மூன்றாவது வகை இன்பாக்ஸில் வந்தது. "அந்தப் பேரு போட்ட டயலே ஆன்லைன்ல கிடைக்குதே, அதையே மாட்டியிருக்கலாமே சார்?" முதல் இரண்டுக்கும் அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். மூன்றாவதுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல பொருளைப் பார்த்து அதே மாதிரி நம் கையால் செய்து பார்ப்பது தவறே இல்லை. அது ஒரு நல்ல படிப்பு. ஆனால் செய்து முடித்ததும் அதன் மேல் அடுத்தவர் பெயரைப் போடுவது தவறு. விற்காவிட்டாலும் தவறு, அன்பளிப்பாகக் கொடுத்தாலும் தவறு.

நான் கோத்தது ரோலக்ஸ் சப்மரீனர் என்ற வாட்சின் சாயலில். 1953-ல் வந்த வடிவம் அது. கறுப்பு டயல், இருட்டில் ஒளிரும் புள்ளிகள், டயலைச் சுற்றி 60 வரை கோடு போட்ட ஒரு வளையம். கடலுக்குள் மூழ்கி வேலை செய்கிறவர்களுக்காக உண்டானது. அந்த வளையத்தை அழகுக்கு வைத்தது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். மூழ்கும்போது வளையத்தின் முக்கோணக் குறியைப் பெரிய முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டால், எத்தனை நிமிடம் தண்ணீருக்குள் இருக்கிறோம் என்று பார்த்தவுடன் தெரியும். இன்றைய டைவிங் வாட்சுகளில் அந்த வளையம் ஒரு பக்கம்தான் சுற்றும். எங்காவது இடித்துத் திரும்பிவிட்டாலும், இருந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. கூட்டிக் காட்டினால் ஆள் சீக்கிரம் மேலே வந்துவிடுவான். குறைத்துக் காட்டினால் காற்று தீர்ந்துபோகும். இத்தனை யோசனை ஒரு வளையத்துக்குள் இருப்பது, அதைக் கையில் வைத்து மாட்டும்போதுதான் எனக்கு விளங்கியது.

அசல் வாட்சின் விலை பல லட்சம் ரூபாய். என் ஓய்வூதியத்துக்கு அது ஆகாது, எனக்கு அந்த ஆசையும் கிடையாது. நான் வாங்கியவை உதிரி பாகங்கள். ஸ்டீல் கூடு, கீறல் விழாத சபையர் கண்ணாடி, எந்தப் பெயரும் இல்லாத கறுப்பு டயல், மூன்று முட்கள், உள்ளே வைக்கும் மெஷின். நம்மூர் வாட்ச் ரிப்பேர் கடைகளில் மெஷின் என்றுதான் சொல்வார்கள். அது ஜப்பானின் சைக்கோ குழுமம் செய்யும் என்எச்35 என்ற ஆட்டோமேட்டிக் மெஷின். பேட்டரி கிடையாது. கையை ஆட்ட ஆட்ட உள்ளே இருக்கும் அரைவட்டத் தகடு சுழன்று சுருள்வில்லை முறுக்கும். முழுதாக முறுக்கிக் கழற்றி வைத்தால் ஏறக்குறைய 41 மணி நேரம் ஓடும். 24 கல் வைத்தது. "17 கல் வாட்ச்" என்று உங்கள் தாத்தா பெருமையாகச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கல் அலங்காரத்துக்கு வைத்தது அல்ல. செயற்கை மாணிக்கக் கல்லில் குழி செய்து, சக்கரங்களின் அச்சு முனையை அதில் உட்கார வைப்பார்கள். உலோகத்தோடு உலோகம் உரசித் தேயாமல் இருக்க அந்த ஏற்பாடு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் இந்த வாட்சைச் "செய்தேன்" என்று சொல்வது கொஞ்சம் அதிகம். "கோத்தேன்" என்பதே சரி. பூக்காரம்மா பூவைச் செய்வதில்லை, தொடுக்கிறார். ஆனால் தொடுப்பதும் எல்லோருக்கும் வந்துவிடாது, முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முட்களைப் பொருத்துவதுதான் பெரிய பரீட்சை. முதலில் சாவியைத் திருகித் திருகி, தேதி மாறும் அந்த நொடியில் நிறுத்த வேண்டும். அதுதான் நடு இரவு 12. அங்கே சின்ன முள்ளைச் சரியாக 12-க்கு நேராக வைத்து அழுத்த வேண்டும். பிறகு பெரிய முள். ஒன்றோடொன்று உரசக் கூடாது, டயலையும் தொடக் கூடாது. கடைசியில் விநாடி முள். அது உட்காரும் அச்சின் கனம் 0.20 மில்லிமீட்டர். இரண்டு மூன்று தலைமுடியைச் சேர்த்துப் பிடித்த அளவு. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, சாமணத்தில் முள்ளைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு வைக்க வேண்டும். என் வயதில் கை நடுக்கம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். மேசையில் முழங்கையை ஊன்றி, காலை வெளிச்சத்தில் மட்டும் இந்த வேலையைச் செய்வது என்று வைத்துக்கொண்டேன். அந்த ஒரு முள்ளுக்கு மூன்று நாள் ஆனது.

அடுத்தது தூசி. வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி, கண்ணாடியை மூடிய பிறகு மலை மாதிரி தெரியும். அதன் பிறகு சாவித் தண்டு. நீளமாகத்தான் வரும், நம் கூட்டுக்குத் தகுந்தபடி வெட்ட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, மாட்டிப் பார்த்து, மறுபடி வெட்ட வேண்டும். ஒரேயடியாக வெட்டிவிட்டால் ஒட்ட வைக்க வழியில்லை. தையற்காரர்களுக்கு இந்தப் பாடம் புதிது அல்ல.

எல்லாம் முடிந்து ஓட விட்டேன். நாளுக்கு 25 விநாடி முந்தி ஓடியது. பின்மூடியைத் திறந்து, வேகத்தைச் சரிசெய்யும் சின்னக் கம்பியை மயிரிழை நகர்த்தி, மறுநாள் பார்த்து, மறுபடி நகர்த்தி, இப்போது நாளுக்கு ஏழெட்டு விநாடிதான் வித்தியாசம். கணக்குப் பிள்ளைகள் போட்டுப் பாருங்கள். இந்த மெஷின் மணிக்கு 21,600 முறை துடிக்கிறது. அப்படியானால் விநாடிக்கு 6, நாளுக்கு 5,18,400 துடிப்பு. நாளுக்கு 86,400 விநாடியில் எட்டு விநாடி பிசகு என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. மின்சாரமே இல்லாமல், ஒரு சுருள்வில்லும் சில பல்சக்கரங்களும் இதைச் செய்கின்றன. ஐந்தாம் வகுப்பில் பின்னமும் தசமமும் நடத்தும்போது இப்படி ஒரு பொருள் கையில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி பெயர் விஷயத்துக்கு வருகிறேன்.

படத்தைப் பார்த்த நெருங்கிய உறவு ஒருவர் போன் செய்தார். அவர் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "சித்தப்பா, பேரும் கிரீடமும் போட்ட டயலா வாங்கி மாட்டி ஒண்ணு ரெடி பண்ணிக் குடுங்க. மாப்பிள்ளைக்குக் கையில போட்டா கௌரவமா இருக்கும். யாரு பிரிச்சுப் பார்க்கப் போறாங்க?" என்றார். நான் முடியாது என்றேன். பெயரில்லாத டயலில் ஒன்று கோத்துத் தருகிறேன், சித்தப்பா கையால் செய்தது என்று சொல்லிக் கொடு என்றேன். அது அவருக்குச் சரிப்படவில்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் இப்போதும் என்னிடம் பேச்சு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது. அவரும் இதைப் படிப்பார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. பெண்ணைப் பெற்றவர்களின் நெருக்கடி எனக்கும் தெரியும். ஏன் மறுத்தேன் என்பதைப் போனில் சரியாகச் சொல்ல முடியவில்லை, இங்கே சொல்கிறேன்.

அந்த வாட்ச் மாப்பிள்ளையின் கையில் ஏறிய நாளோடு கதை முடிந்துவிடாது. அவர் அதைப் பல லட்சம் பெறும் என்று நம்பிப் பெட்டியில் பூட்டி வைப்பார். நாலு பேரிடம் சொல்வார். ஆறு வருடம் கழித்து ஏதோ ஒரு கஷ்டம் வரும், ஆஸ்பத்திரிச் செலவோ வீட்டுக் கடனோ. அப்போது விற்கலாம் என்று எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார். கடைக்காரர் பின்மூடியைத் திறந்த அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். அதற்கு முன்பே, விநாடி முள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தே தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இது விநாடிக்கு 6 துடிப்பு, இன்றைய ரோலக்ஸ் சப்மரீனர் விநாடிக்கு 8. அன்றைக்கு வெறும் கையோடு வீட்டுக்குத் திரும்பும் அந்த மனிதர் யாரிடம் கேட்பார்? வாங்கிக் கொடுத்த மாமனாரிடமா, கோத்துக் கொடுத்த என்னிடமா? அந்தப் பெண்ணிடம்தான் கேட்பார். "உங்க வீட்டுல கொடுத்ததெல்லாம் இப்படித்தானா?" என்ற ஒரு வார்த்தையை அவள் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டும். நகையையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். பொய்யைச் சொன்னவர்கள் நாமாக இருப்போம், பதில் சொல்ல வேண்டியவள் அவளாக இருப்பாள்.

"ரோலக்ஸ் கம்பெனிக்கு இதனால் என்ன நஷ்டம் சார்? அவர்கள் கோடீஸ்வரர்கள்" என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது, உண்மைதான். ஆனால் பொருள் நம் கையோடு நிற்பதில்லை. இன்றைக்கு நான் "சும்மா ஆசைக்கு" மாட்டும் பெயர், எனக்குப் பிறகு யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. பழைய எச்எம்டி வாட்சுகளைத் தேடி வாங்குகிற பிள்ளைகளுக்கு இது தெரியும். தேய்ந்துபோன பழைய வாட்சுக்குப் புதிதாக டயல் அச்சடித்து, பழைய அசல் என்று விற்கிறார்கள். ரோலக்ஸ் வாங்கும் பணக்காரர் ஏமாந்தால் தாங்குவார். அப்பாவின் நினைவாக ஒரு ஜனதா வாட்ச் வேண்டும் என்று தேடுகிற பையன் ஏமாந்தால் அவனுக்கு எப்படி இருக்கும்?

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் என்னிடம் படித்த பெண், இப்போது அவரும் ஆசிரியை. "பரீட்சையில காப்பி அடிச்சா பெஞ்சு மேல ஏத்தினீங்களே சார், இப்ப நீங்களே ஒரு வாட்சைப் பார்த்து அதே மாதிரி செய்யறீங்களே, இது காப்பி இல்லையா?"

நல்ல கேள்வி. நம் பள்ளிக்கூடத்தில் "காப்பி" என்ற ஒரே வார்த்தைக்கு இரண்டு பொருள் இருந்தது. இரட்டைக் கோடு நோட்டில் நான் முதல் வரி எழுதித் தருவேன். நீங்கள் அதைப் பார்த்துக் கீழே பத்து வரி எழுதுவீர்கள். அது காப்பி எழுதுவது. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவது காப்பி அடிப்பது. இரண்டிலும் கண் பார்க்கிறது, கை எழுதுகிறது. வித்தியாசம் எங்கே? நோட்டில் முதல் வரி என்னுடையது, மற்றவை உங்களுடையவை என்று எல்லோருக்கும் தெரியும். ஒளிவு மறைவு இல்லை. பரீட்சைத் தாளில் பக்கத்துப் பையனின் விடைக்கு மேலே உங்கள் பெயர் இருக்கிறது. பொய் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. வாட்சில் அது தலைகீழாக நடக்கிறது. நம் வேலைக்கு மேலே அடுத்தவர் பெயர். இரண்டும் ஒன்றுதான்.

பார்த்துச் செய்யாமல் யாரும் கைத்தொழில் கற்றதில்லை. வாட்ச் உலகத்தின் வரலாறே அப்படித்தான். 1876-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் பெரிய பொருட்காட்சி நடந்தது. அமெரிக்கர்கள் இயந்திரங்களை வைத்து வாட்ச் செய்கிற முறையைப் பார்த்துவர, சுவிட்சர்லாந்திலிருந்து லாஞ்சின் நிறுவனத்தின் பொறியாளர் ழாக் டேவிட் போனார். திரும்பி வந்து, நாம் மாறாவிட்டால் பிழைக்க முடியாது என்று அறிக்கை எழுதினார். இன்று உலகமே வியக்கும் சுவிஸ் வாட்சுத் தொழிலும் அப்படிப் பக்கத்துப் பையனிடம் படித்த காலம் உண்டு. ரோலக்ஸின் கதையைக் கேளுங்கள். 1905-ல் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் லண்டனில் தன் மைத்துனரோடு சேர்ந்து தொடங்கிய வியாபாரம் அது. ஆரம்பத்தில் மெஷினை அவர்கள் செய்யவில்லை. சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் இருந்த ஏக்லர் என்ற நிறுவனத்திடம் வாங்கி, கூட்டில் வைத்து விற்றார்கள். ரோலக்ஸ் என்ற பெயரை 1908-ல் பதிவு செய்தார். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் கடைக்காரர்கள் டயலில் தங்கள் கடைப் பெயர்தான் இருக்க வேண்டும் என்பார்கள். வில்ஸ்டார்ஃப் விடாமல் முயன்று தன் பெயரை டயலில் ஏற்றினார். டயலில் பெயர் இருந்தால், "இதற்கு நான் பொறுப்பு" என்று ஒருவர் கையெழுத்துப் போட்ட மாதிரி. நான் கோத்த வாட்ச் நின்றுபோனால் வில்ஸ்டார்ஃபா வந்து பொறுப்பேற்பார்?

நம் நாட்டுக் கதையும் இதேதான். 1961-ல் பெங்களூரில் எச்எம்டி வாட்ச் தொழிற்சாலை ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டு வைத்துத்தான் தொடங்கியது. தொழிலை அவர்களிடம் கற்றார்கள், டயலில் எச்எம்டி என்று தங்கள் பெயரைப் போட்டார்கள். அந்த வாட்சைக் கட்டிக்கொண்டுதான் நம் அப்பாக்கள் ஆபீசுக்கும் ஆலைக்கும் போனார்கள். 1953-ல் சப்மரீனர் வந்த அதே வருடம் பிளாங்பெய்ன் என்ற சுவிஸ் நிறுவனமும் கறுப்பு டயல், சுழலும் வளையத்தோடு ஒரு டைவிங் வாட்சைக் கொண்டுவந்தது. 1965-ல் சைக்கோ தன் முதல் டைவிங் வாட்சைச் செய்தது. ஒருவர் யோசனை மற்றவரிடம் பரவியது. ஆனால் அவரவர் வாட்சில் அவரவர் பெயர்.

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. நம் நாட்டில் ஒரு பொருளின் வடிவமைப்பைப் பதிவு செய்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு, அதோடு பொதுவாக அந்த உரிமை முடிந்துவிடும். ஆனால் வணிகச்சின்னத்தை 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். பெயருக்கு வயது வரம்பு இல்லை. அடுத்தவர் வணிகச்சின்னத்தைப் பொய்யாகப் பொறித்தால், 1999-ம் ஆண்டு வணிகச்சின்னச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. "பத்து பேருக்குச் செஞ்சு வித்தா நல்ல லாபம் சார்" என்று எழுதிய தம்பி இந்தப் பத்தியை இரண்டு தரம் படிக்கவும்.

நகல் செய்வது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. பாரிஸில் பிரெகே என்ற மேதை இருந்தார். அவர் உயிரோடு இருந்தபோதே பலர் அவர் பெயரைப் போட்டுப் போலி விற்றார்கள். அதனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும்படி டயலில் ஒரு ரகசியக் கையெழுத்தைப் பொறித்தார். அவருடைய 160-ம் எண் கடிகாரம் 1783-ல் பிரான்ஸ் ராணி மேரி ஆந்துவானெத்துக்காகக் கேட்கப்பட்டது. 1793-ல் ராணி கொல்லப்பட்டார். 1823-ல் பிரெகேயும் இறந்தார். கடிகாரம் முடிந்தது 1827-ல். பிற்காலத்தில் அது ஜெருசலேம் அருங்காட்சியகத்துக்கு வந்து, 1983-ல் திருடு போனது. அசல் இல்லாத நிலையில், பழைய வரைபடங்களையும் குறிப்புகளையும் வைத்து அதே மாதிரி ஒன்றைச் செய்யும்படி பிரெகே நிறுவனத்தின் தலைவராக இருந்த நிக்கோலஸ் ஹாயெக் சொன்னார். சில வருட உழைப்புக்குப் பின் 2008-ல் அது வெளியே வந்தது. அதற்குள் 2007-ல் அசலும் கிடைத்துவிட்டது.

நான் சொல்ல வந்தது அந்த நகலின் எண்ணைப் பற்றி. பெயர் அவர்களுடையது, நிறுவனம் அவர்களுடையது, கேட்பார் யாரும் இல்லை. 160 என்றே போட்டிருக்கலாம். போடவில்லை. 1160 என்று போட்டார்கள். பார்க்கிறவருக்கு அது நகல் என்று தெரிய வேண்டும் என்ற நேர்மை அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. தங்கள் சொந்தக் கடிகாரத்துக்கே அவர்கள் இந்த நியாயம் பார்த்தார்கள் என்றால், நமக்கு என்ன?

என் வாட்சில் டயல் வெறுமையாகத்தான் இருக்கிறது. வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் பின்மூடியின் உட்புறத்தில் தேதியையும் தங்கள் அடையாளத்தையும் ஊசியால் கீறி வைப்பார்கள், அடுத்துத் திறப்பவருக்குத் தெரிவதற்காக. நானும் அப்படித் தேதியையும் என் முதலெழுத்தையும் கீறி வைத்திருக்கிறேன். என்றைக்காவது என் பேரன் திறந்தால் அவனுக்கு உண்மை தெரியும்.

கற்றுக்கொள்ள ஆசையுள்ள பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வரலாம். பெண் பிள்ளைகளும் வாருங்கள், இந்த வேலைக்குப் பொறுமைதான் முதல். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் ஓடாமல் கிடக்கும் பழைய சாவி வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்தால் போதும், பிரித்துப் பழகலாம். லென்ஸும் சாமணமும் என்னிடம் இரண்டு செட் இருக்கின்றன. பெயர் போட்ட டயலை மட்டும் என் மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.

கருத்து வேறுபாடு உள்ளவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். பிழை கண்டால் அதையும் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்